கோப்புகள் ஒத்திசையாதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கணினிக் கோப்புகளைப் பல கருவிகளில் ஒன்றுபோல வைத்திருக்க உதவும் திறமூலச் செயலிகளில் சிங்க்திங், ஆர்சிங்க், யூனிசன், ஆர்குளோன், நெக்ஸ்ட்கிளவுட் ஆகியவை பரவலாகப் புழங்குகின்றன. இவற்றில் எழும் கோளாறுகளைத் தொடர்ந்து சரிசெய்து வந்ததில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்று உண்டு: செயலியின் மீது விழும் பழியில் பெரும்பகுதி உண்மையில் கோப்பின் பெயருக்கோ, அனுமதிக்கோ, கணினியின் கடிகாரத்துக்கோ, பென் டிரைவின் கோப்பு முறைமைக்கோ உரியது. ஆகவே எது நடந்தாலும் செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவும் வேலையில் இறங்க வேண்டாம். எந்தக் கோப்பு எப்போது மாறியது, எது அழிக்கப்பட்டது என்று செயலி வைத்திருந்த குறிப்பு அப்போது தொலைந்துபோகும். சிறிய கோளாறு பெரிய இழப்பாக மாறுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

ஒத்திசைவை எல்லாக் கருவிகளிலும் நிறுத்தி வையுங்கள். சிங்க்திங்கில் கோப்புறைக்குக் கீழே உள்ள இடைநிறுத்தும் பொத்தானை அழுத்தினால் போதும். ஆர்சிங்க், ஆர்குளோன் போன்றவை, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரான் வழியாகத் தானே ஓடுகின்றன என்றால் அந்த வரியை முடக்குங்கள். பிறகு, இப்போது எந்தக் கணினியில் உள்ள கோப்புகள் சரியாக இருக்கின்றனவோ அந்தக் கணினியின் கோப்புறையை, ஒத்திசைவில் சேராத வேறொரு வட்டில் நகலெடுத்து வையுங்கள். ஒத்திசைவு காப்புப் பிரதி ஆகாது; ஓரிடத்தில் நேர்ந்த அழிவை மற்ற இடங்களுக்கும் உண்மையாகக் கொண்டு சேர்ப்பதே அதன் வேலை. இறுதியாக, செயலி காட்டும் பிழைச் செய்தியை ஓர் எழுத்தும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். ‘ஏதோ எரர் வந்தது’ என்று சொன்னால் எந்த வல்லுநராலும் உதவ முடியாது.

## அறிகுறி 1: இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று காணவில்லை

சிங்க்திங்கில் மறுமுனைக் கருவி ‘டிஸ்கனெக்டட்’ என்றே நிற்கும் நிலை இது. மிக எளிய காரணத்திலிருந்து தொடங்குங்கள்: மறுமுனையில் செயலி உண்மையிலேயே ஓடுகிறதா? ஆண்ட்ராய்டு கைபேசியானால், பேட்டரி சேமிப்பு அமைப்பு பின்னணிச் செயலிகளை நிறுத்திவிடுவதே வழக்கமான காரணம். அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். வைஃபையில் மட்டும் ஓடு, சார்ஜில் இருக்கும்போது மட்டும் ஓடு என்ற நிபந்தனைகளும் அங்கேயே இருக்கும், அவற்றையும் பாருங்கள்.

செயலி ஓடுகிறது என்றால், இரண்டு கருவிகளும் ஒன்றன் அடையாள எண்ணை மற்றொன்று ஏற்றுக்கொண்டிருக்கின்றனவா என்று சரிபாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சேர்த்தால் இணைப்பு உண்டாகாது. கோப்புறைக்கும் இதே விதிதான்: கோப்புறையின் பெயர் வேறாக இருக்கலாம், ஆனால் அதன் ஐடி இரு பக்கமும் ஓர் எழுத்தும் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும்.

அடுத்தது வலையமைப்பு. விருந்தினர் வைஃபையில் இணைந்த கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ரவுட்டர் தடுத்து வைத்திருக்கும். இரண்டையும் முதன்மை வைஃபைக்கு மாற்றிப் பாருங்கள். வலைப் போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வாலில் 22000 என்ற போர்ட் (தரவு நுழையும் எண்ணிட்ட வாயில்) டிசிபி, யூடிபி என்ற இரு அனுப்பும் முறைகளுக்கும் திறந்திருக்க வேண்டும். அருகிலுள்ள கருவிகளைக் கண்டுபிடிக்க யூடிபி 21027 தேவை. 8384 என்பது அமைப்புப் பக்கத்துக்கு உரிய போர்ட். அதை வெளி உலகுக்குத் திறந்துவிடுவதால் ஒத்திசைவுக்கு எந்தப் பயனும் இல்லை, ஆபத்துதான் உண்டு. எல்லாம் திறந்திருந்தும் காணவில்லை என்றால், முகவரிப் புலத்தில் ‘டைனமிக்’ என்றிருப்பதோடு மறுமுனையின் உள்வலை ஐபி முகவரியையும் 22000 என்ற போர்ட்டையும் கையால் சேர்த்துப் பாருங்கள். அப்போது இணைந்துவிட்டால் கோளாறு கண்டுபிடிக்கும் கட்டத்தில்தான் இருக்கிறது, இணைப்பில் இல்லை.

ஒரு தனி நிலையையும் இங்கே சொல்ல வேண்டும். பழைய கணினியின் வட்டை அப்படியே படியெடுத்துப் புதிய கணினியில் போட்டவர்களுக்கு இரண்டு கணினிக்கும் ஒரே அடையாள எண் அமைந்துவிடும்; அவை இரண்டும் ஒருபோதும் இணையமாட்டா. இதற்குப் புதிய கணினியில் மட்டும் சிங்க்திங்கின் அமைப்புக் கோப்புறையை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு, புதிய அடையாள எண்ணை உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

வல்லுநரை அழைக்கும் கட்டம்: அலுவலக வலையமைப்பில் ஃபயர்வால் உங்கள் கையில் இல்லை என்றால், மேற்கண்ட போர்ட் எண்களை வலையமைப்பு நிர்வாகியிடம் எழுதிக் கொடுங்கள். அவருக்குத் தெரியாமல் சுற்றுவழி தேட வேண்டாம்.

## அறிகுறி 2: இணைப்பு இருக்கிறது, ஆனால் சில கோப்புகள் மட்டும் வருவதில்லை

அடிக்கடி வருவதும் ஆட்களை அதிகம் அலைக்கழிப்பதும் இந்தக் கோளாறுதான். கோப்புறை 99 விழுக்காட்டில் நின்றுவிடும். எஞ்சியது ஏன் வரவில்லை என்பது மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. சிங்க்திங்கில் ‘ஃபெயில்டு ஐட்டம்ஸ்’ என்ற வரியைத் திறந்தால் ஒவ்வொரு கோப்புக்கும் எதிரே காரணம் எழுதியிருக்கும். அந்தக் காரணத்தைக் கொண்டே கீழே உள்ள கிளைகளில் ஒன்றுக்குச் செல்லுங்கள்.

### இடமில்லை என்கிறது

வட்டில் இடம் மிச்சமிருந்தும் இந்தச் செய்தி வரலாம். சிங்க்திங் இயல்பாகவே வட்டின் 1 விழுக்காட்டு இடத்தைக் காலியாக விட்டுவைக்கும். அதற்குக் கீழே இறங்கும் நிலை வந்தால் நின்றுவிடும். ஃபேட்32 முறையில் வடிவமைத்த பென் டிரைவானால் எவ்வளவு இடமிருந்தாலும் 4 ஜிபி அளவை எட்டும் ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. காணொளிக் கோப்புகள் மட்டும் வரவில்லை என்றால் இதையே முதலில் சந்தேகியுங்கள். உள்ளடக்கத்தை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு, அந்த டிரைவை எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றி வடிவமைப்பதே தீர்வு.

### பெயரில் ஏற்கப்படாத குறி இருக்கிறது என்கிறது

லினக்ஸில் ஏறக்குறைய எந்தக் குறியையும் பெயரில் வைக்கலாம். விண்டோஸில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி, உடுக்குறி, இரட்டை மேற்கோள், கோண அடைப்புகள், செங்குத்துக்கோடு, பின்சாய்கோடு ஆகியவை கூடா. பெயரின் கடைசியில் புள்ளியோ இடைவெளியோ இருப்பதும் கூடாது. ‘கூட்டக் குறிப்பு 10:30’ என்று லினக்ஸில் பெயரிட்ட கோப்பு விண்டோஸுக்கு வராமல் நிற்பது அந்த முக்காற்புள்ளியால்தான். மூலக் கணினியில் பெயரை மாற்றுங்கள். மறுமுனையில் எதையும் செய்யத் தேவையில்லை.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் இந்த வகையே. லினக்ஸுக்கு இரண்டு தனிக் கோப்புகளாகத் தோன்றுபவை விண்டோஸுக்கும் மேக்குக்கும் பெரும்பாலும் ஒரே கோப்பு. தமிழ்ப் பெயர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் பெயருக்குப் பின்னால் வரும் கோப்பு நீட்டிப்பால் நேரும். புகைப்படக் கருவி நீட்டிப்பைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்க, திருத்தும் மென்பொருள் அதே பெயரில் சிறிய எழுத்து நீட்டிப்போடு சேமித்துவிடும்.

### பெயர் மிக நீளம் என்கிறது

தமிழில் பெயரிடுபவர்கள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும். லினக்ஸ் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட் வரை இடம் தரும். விண்டோஸ் 255 குறிகள் வரை தரும். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் தமிழுக்கு ஒன்றல்ல, ஏனென்றால் எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் செலவாகிறது. ‘கோப்பு’ என்ற மூன்றெழுத்துச் சொல்லில் ககரம், ஓகாரக் குறி, பகரம், புள்ளி, மறுபடி பகரம், உகரக் குறி என ஆறு குறிகள் உள்ளன. ஆக 18 பைட். லினக்ஸில் அதிகம்போனால் 85 குறிகளோடு பெயர் முடிந்துவிட வேண்டும், அதுவும் நீட்டிப்பையும் சேர்த்து. விண்டோஸில் தாராளமாகப் பெயரிட்ட ஒரு கட்டுரைக் கோப்பு லினக்ஸ் சர்வரில் இறங்க மறுப்பது இதனால்தான்.

மறைகுறியாக்கிய கோப்புறையில் இந்த எல்லை இன்னும் சுருங்கும். ஈகிரிப்ட்எஃப்எஸ் என்ற லினக்ஸ் மறைகுறியாக்க முறையைப் பயன்படுத்தும் கோப்புறைகளில் 143 பைட்தான், அதாவது 47 தமிழ்க் குறிகள். தலைப்பு முழுவதையும் கோப்புப் பெயரில் திணிக்கும் பழக்கத்தைக் கைவிட்டு, ஆண்டையும் இரண்டு மூன்று சொற்களையும் வைத்துப் பெயரிடுவதே நிலையான தீர்வு என்பது என் கருத்து.

### அனுமதி இல்லை என்கிறது

விண்டோஸில் அந்தக் கோப்பு வேறொரு மென்பொருளில் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திறந்திருக்கும் கோப்பின் மீது புதிய பதிப்பை எழுத முடியாது. லினக்ஸில் அந்தக் கோப்புறையின் உரிமையாளர் யார், செயலி எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறது என்ற இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒருமுறை ரூட் என்ற, எல்லா அதிகாரமும் உள்ள பயனராக நகலெடுத்துவிட்டு, அடுத்த நாளிலிருந்து சாதாரணப் பயனராக ஒத்திசைக்க முயல்வதே இதற்குப் பொதுவான காரணம். உரிமையாளரை மாற்றினால் தீர்ந்துவிடும். செயலியையே ரூட்டாக ஓட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன்.

### எந்தப் பிழையும் காட்டாமல் நிற்கிறது

புறக்கணிப்புப் பட்டியலைப் பாருங்கள். சிங்க்திங்கின் புறக்கணிப்புப் பட்டியல் ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்குத் தானாகச் செல்வதில்லை. ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அடுத்து, கோப்புறையின் வகையைப் பாருங்கள்: ‘பெறுவது மட்டும்’ என்று அமைத்த கணினியில் நீங்கள் செய்யும் மாற்றம் வெளியே போகாது. அதுவும் இல்லையென்றால், மாற்றங்களைக் கவனிக்கும் ஐநோட்டிஃபை என்ற லினக்ஸ் வசதி தன் எல்லையை எட்டியிருக்கலாம். கோப்புறைகள் மிக அதிகமாக உள்ள இடத்தில் ஐநோட்டிஃபை எல்லை போதாமல் போகும். அப்போது மாற்றம் உடனே தெரியாமல், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நடக்கும் முழுத் தேடலில்தான் தெரியவரும். ‘வருகிறது, ஆனால் தாமதமாக வருகிறது’ என்றால் காரணம் இதுதான். ஒரு பயனருக்கான கண்காணிப்பு எண்ணிக்கையை 204800 என உயர்த்தினால் பெரும்பாலும் போதுமானது.

## அறிகுறி 3: ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் தெரிகின்றன

கண்ணுக்கு இரண்டு பெயர்களும் ஒன்றே. கணினிக்கு அவை வேறு. தமிழில் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை ஒருங்குறியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே குறியாகவோ, எழுத்துக்கு முன்னும் பின்னும் வரும் இரு துண்டுகளாகவோ. ‘கொடி’ என்ற பெயர் முதல் முறையில் 12 பைட், இரண்டாம் முறையில் 15 பைட். பழைய மேக் வட்டுகளின் எச்எஃப்எஸ் பிளஸ் முறை எல்லாப் பெயர்களையும் துண்டாகவே சேமிக்கும்; அங்கிருந்து லினக்ஸுக்கு நகலெடுத்தால், ஏற்கெனவே இருந்த கோப்புறைக்குப் பக்கத்திலேயே இரட்டை ஒன்று உருவாகிவிடும்.

சரிபார்க்க, டெர்மினலில் இரண்டு பெயர்களையும் பைட் எண்ணும் டபிள்யூசி கட்டளைக்குத் தனித்தனியாகக் கொடுங்கள். எண்ணிக்கை வேறுபட்டால் ஐயம் தீர்ந்தது. துண்டான பெயருள்ள கோப்புறையின் உள்ளடக்கத்தை மற்றதோடு ஒப்பிட்டு ஒன்றாக்கிய பிறகே அதை நீக்குங்கள். பெயர்கள் ஏராளமாக இருந்தால் கான்வ்எம்வி என்ற திறமூலக் கருவி மொத்தமாக மாற்றித் தரும். அது இயல்பாக ஒத்திகை மட்டும் பார்த்து, என்ன செய்யப்போகிறேன் என்று பட்டியலிடும் என்பதால் அஞ்சாமல் ஓட்டிப் பார்க்கலாம். சிங்க்திங் இத்தகைய பெயர்களைத் தானே சீராக்கும், ஆனால் இரு வடிவங்களும் ஏற்கெனவே அருகருகே இருந்தால் ஒன்றை விட்டுவிடும். ஆர்சிங்க்கில் ‘ஐகான்வ்’ என்ற தேர்வு இந்த மாற்றத்தை வழியிலேயே செய்யும்.

## அறிகுறி 4: முரண்பாட்டு நகல்கள் குவிகின்றன

இரண்டு கணினிகளில் ஒரே கோப்பு, ஒன்றையொன்று அறியாமல், மாறியிருக்கிறது என்பதே இதன் பொருள். சிங்க்திங்கில், திருத்திய நேரம் பழையதாக உள்ள பதிப்பு ‘சிங்க் கான்ஃபிளிக்ட்’ என்ற சொற்களையும் நாள், நேரத்தையும் தாங்கிய பெயருக்கு மாறும். நெக்ஸ்ட்கிளவுடில் சர்வரில் உள்ளது பெயரைத் தக்கவைத்துக்கொள்ள, உங்கள் கணினியில் திருத்தியது முரண்பாட்டு நகலாகும். எந்த நகலையும் திறந்து பார்க்காமல் அழிக்காதீர்கள்.

கடிகாரத்தை முதலில் பாருங்கள். ஒரு கணினியின் நேரம் முன்னோடியிருந்தால், அங்கே எழுதிய பழைய பதிப்பே புதியது என்ற தகுதியைப் பெற்று, இன்று காலை நீங்கள் எழுதியது முரண்பாட்டு நகலாகத் தள்ளப்படும். நேரத்தை இணையத்திலிருந்து தானாகப் பெறும் அமைப்பை எல்லாக் கருவிகளிலும் இயக்குங்கள். பிறகு வேலை செய்யும் முறையைப் பாருங்கள்: ஒரு கணினியில் கோப்பைத் திறந்தபடியே விட்டுவிட்டு மறுகணினியில் தொடர்ந்தால் முரண்பாடு தவிர்க்க முடியாதது.

உரைக் கோப்புகளானால் மெல்ட் என்ற ஒப்பீட்டுக் கருவி கொண்டு இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்து இணைக்கலாம். கீபாஸ்எக்ஸ்சி கடவுச்சொல் கோப்பானால் அந்த மென்பொருளிலேயே மற்றொரு கோப்பிலிருந்து ஒன்றிணைக்கும் வசதி உண்டு. லிப்ரேஆபீஸ் ஆவணத்துக்கு ‘கம்பேர் டாக்குமென்ட்’ உதவும்.

வல்லுநரை அழைக்கும் கட்டம்: கணக்கு மென்பொருளின் தரவுத்தளம், மின்னஞ்சல் செயலியின் தரவுக் கோப்புறை போன்ற, ஓடிக்கொண்டிருக்கும்போதே மாறும் கோப்புகளில் முரண்பாடு வந்திருந்தால் கையால் இணைக்க முயலாமல் நிறுத்துங்கள். எல்லா நகல்களையும் அப்படியே பாதுகாத்து, அந்த மென்பொருளை அறிந்தவரிடம் ஒப்படையுங்கள். அத்தகைய கோப்புகளை இந்த வழியில் ஒத்திசைக்காமல் இருப்பதே நல்லது.

## அறிகுறி 5: மாறாத கோப்புகளையும் ஆர்சிங்க் மறுபடி மறுபடி நகலெடுக்கிறது

ஆர்சிங்க் இயல்பாக அளவையும் திருத்திய நேரத்தையும் மட்டுமே ஒப்பிடுகிறது. ‘ஆர்க்கைவ்’ தேர்வு இல்லாமல் ஓட்டினால் திருத்திய நேரம் மறுபக்கம் பதிவாகாது. அடுத்த முறை எல்லாமே மாறியதாகத் தோன்றும். அந்தத் தேர்வு இருந்தும் நிகழ்ந்தால், ‘ஐட்டமைஸ் சேஞ்சஸ்’ தேர்வோடு ஒத்திகை ஓட்டுங்கள். ஒவ்வொரு வரியிலும் எது மாறியது என்பதை ஓர் எழுத்து சொல்லும்: ‘டைம்’ என்பதன் முதலெழுத்து நேரத்தையும், ‘சைஸ்’ என்பதன் முதலெழுத்து அளவையும் குறிக்கும்.

நேரம்தான் என்றால், வெளிவட்டு ஃபேட் முறையிலா என்று பாருங்கள். ஃபேட் திருத்திய நேரத்தை 2 வினாடித் துல்லியத்தில்தான் பதிகிறது. ‘மாடிஃபை விண்டோ’ தேர்வுக்கு 1 என்ற மதிப்பைக் கொடுத்தால் இந்த வேறுபாட்டை ஆர்சிங்க் பொறுத்துக்கொள்ளும். உரிமையாளர், அனுமதி ஆகியவற்றை மாற்ற முடியவில்லை என்ற பிழைகளும் 23 என்ற முடிவு எண்ணும் சேர்ந்து வந்தால், காரணம் அதே வட்டுதான். 24 என்ற எண்ணுக்கு, நகலெடுக்கும்போதே சில கோப்புகள் மறைந்தன என்று பொருள். ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் அது பெரும்பாலும் கவலைக்குரியதன்று. தொலைக் கணினியோடு பேசும்போது ‘ஷெல் சுத்தமாக உள்ளதா’ என்று ஆர்சிங்க் கேட்டால், மறுமுனையில் கட்டளைகளை வாங்கும் பாஷ் ஷெல்லின் தொடக்கக் கோப்பு ஏதோ வரவேற்பு வரியை அச்சிடுகிறது. அந்த வரியை நீக்குங்கள்.

கோப்புறைக்குள் அதே பெயரில் இன்னொரு கோப்புறை முளைத்து எல்லாம் இரட்டிப்பாகிவிட்டதா? மூலப் பாதையின் கடைசிச் சாய்கோட்டைப் பாருங்கள். சாய்கோடு இருந்தால் உள்ளடக்கம் மட்டும் போகும். இல்லாவிட்டால் கோப்புறையே போகும்.

## அறிகுறி 6: ஒத்திசைவு மிக மெதுவாக நடக்கிறது

முதல் முறை என்றால் பொறுத்திருங்கள். எல்லாக் கோப்புகளையும் படித்துக் கணக்கிட்ட பிறகே அனுப்பல் தொடங்கும். சிங்க்திங்கில் இணைப்பு வகை ‘ரிலே’ என்று காட்டினால், தரவு இடைச் சர்வர் வழியாகப் போகிறது. மறைகுறியாக்கம் இருப்பதால் அந்தரங்கத்துக்குக் கேடில்லை, வேகம்தான் குறையும். அறிகுறி 1-இல் சொன்ன போர்ட்டுகளைத் திறந்தால் நேரடி இணைப்பு கிடைக்கும். நெக்ஸ்ட்கிளவுடில் பெரிய கோப்பு 413 என்ற பிழையோடு திரும்பினால், சர்வருக்கு முன்னால் உள்ள இணையச் சேவை அளவு எல்லை விதித்திருக்கிறது. சர்வர் நிர்வாகியால்தான் அதை உயர்த்த முடியும்.

## அறிகுறி 7: அழித்த கோப்புகள் மீண்டும் வருகின்றன

நெடுநாள் அணைந்து கிடந்த மடிக்கணினியைத் திறந்த நாளில் இது நேரும். சிங்க்திங் 2.0 பதிப்பிலிருந்து, அழித்த கோப்பைப் பற்றிய குறிப்பு இயல்பாக 15 மாதங்களுக்குப் பின் மறக்கப்படுகிறது. அதற்கும் அதிக காலம் கழித்துத் திரும்பும் கருவி, தன்னிடம் உள்ள பழைய கோப்புகளைப் புதியவை என்று அனுப்பிவிடும். செயலியின் தரவுத்தளத்தை யாரோ நீக்கியிருந்தாலும் இதே விளைவுதான். அத்தகைய கருவியைச் சேர்க்கும் முன் அதன் கோப்புறையை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு, காலிக் கோப்புறையோடு புதிதாகத் தொடங்குங்கள்.

## அறிகுறி 8: கோப்புகள் காணாமல் போய்விட்டன

எல்லாக் கருவிகளையும் இணையத்திலிருந்து துண்டியுங்கள். இன்னும் இயக்கப்படாத கருவி ஏதாவது இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். அதில் கோப்புகள் முழுமையாக இருக்கக்கூடும். இயக்கியே ஆக வேண்டுமென்றால் வைஃபையை ரவுட்டரிலேயே அணைத்துவிட்டு இயக்குங்கள்.

அடுத்து, அழிக்கப்பட்டவை தங்கும் இடங்களில் தேடுங்கள். நெக்ஸ்ட்கிளவுடில் குப்பைத்தொட்டி இயல்பாக 30 நாள் வரை வைத்திருக்கும். சேமிப்பிடம் நெருக்கினால் அதற்கு முன்பும் நீக்கலாம் என்பதால் தாமதிக்காதீர்கள். சிங்க்திங்கில் பதிப்புப் பாதுகாப்பை இயக்கியிருந்தால் மறைந்த பதிப்புக் கோப்புறை ஒன்று இருக்கும். இங்கே பலர் தவறான கணினியில் தேடிக் களைத்துவிடுகிறார்கள்: வெளியிலிருந்து வந்த மாற்றங்களை மட்டுமே அது பாதுகாக்கும். ஆகவே கோப்பை அழித்த கணினியில் அதன் மறுசுழற்சித் தொட்டியையும், மற்றக் கணினிகளில் பதிப்புக் கோப்புறையையும் பார்க்க வேண்டும்.

வெளிவட்டிலிருந்து ஒத்திசைப்பவர்கள், அந்த வட்டு உண்மையிலேயே மவுண்ட் ஆகியிருந்ததா, அதாவது கணினியின் கோப்பு அமைப்போடு இணைந்திருந்ததா என்று பார்க்க வேண்டும். வட்டு ஏறாதபோது அதன் இடத்தில் காலிக் கோப்புறை மட்டும் இருக்கும். ‘டெலீட்’ தேர்வோடு ஓடும் ஆர்சிங்க் அந்த வெறுமையை அப்படியே மறுபக்கத்தில் உண்டாக்கிவிடும். சிங்க்திங் இந்நிலையில் ‘ஃபோல்டர் மார்க்கர் மிஸ்ஸிங்’ (கோப்புறை அடையாளம் காணவில்லை) என்று நின்றுவிடும். அந்த அடையாளத்தைக் கையால் உருவாக்கச் சொல்லும் அறிவுரையை, வட்டு ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் பின்பற்றாதீர்கள். அது உங்களைக் காக்க நிற்கும் தடை. ஆர்குளோனின் இருவழி ஒத்திசைவுக் கட்டளையான பைசிங்க் பாதிக்கு மேற்பட்ட கோப்புகள் அழியப்போவதைக் கண்டால் நின்றுவிடுவதும் இதே நோக்கில்தான். ஆர்சிங்க்குக்கு ‘மேக்ஸ் டெலீட்’ எல்லையையும், அழியும் கோப்புகளை ஒதுக்கி வைக்கும் ‘பேக்கப் டிர்’ தேர்வையும் நீங்களேதான் கொடுக்க வேண்டும்.

இவை எதிலும் இல்லையென்றால், அழிந்த தரவை மீட்கும் ஃபோட்டோரெக், டெஸ்ட்டிஸ்க் ஆகியவை எஞ்சியுள்ள திறமூல வழிகள். இழந்த வட்டில் எதையும் நிறுவாதீர்கள்; வேறொரு வட்டிலிருந்து இயங்கி, மீட்டவற்றையும் வேறொரு வட்டிலேயே எழுதுங்கள். ஃபோட்டோரெக் உள்ளடக்கத்தை மீட்டுத் தரும், பெயர்களைத் தராது. எஸ்எஸ்டி வட்டானால் டிரிம் செயல்பாடு அழித்த பகுதிகளைத் துடைத்துவிடும் என்பதால், கணினியை ஓடவிடும் ஒவ்வொரு மணி நேரமும் வாய்ப்பைக் குறைக்கிறது, உடனே அணையுங்கள்.

வல்லுநரை அழைக்கும் கட்டம்: வட்டு டக் டக் என்று ஒலித்தாலோ, கோப்பைத் திறக்கும்போதெல்லாம் கணினி உறைந்தாலோ, வட்டின் நலத்தைக் காட்டும் ஸ்மார்ட் அறிக்கையில் படிக்க முடியாத செக்டர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனாலோ, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் தரவு மீட்பு நிலையத்தை நாடுங்கள். கோப்புகள் எல்லாம் அறியாத நீட்டிப்போடு பெயர் மாறி, பணம் கேட்கும் குறிப்பு ஒன்றும் கிடந்தால் அது கணினியைப் பிணைபிடிக்கும் தீநிரல். துண்டித்த கருவிகளைத் துண்டித்தபடியே வைத்து, பாதுகாப்பு வல்லுநரை அழையுங்கள். இரண்டிலும் அவர் முதலில் கேட்கப்போவது ஒன்றே: கடைசியாகக் கோப்புகள் சரியாக இருந்தது எப்போது, அதன் பிறகு எந்தக் கருவியில் என்னென்ன செய்தீர்கள். அதை வரிசையாக ஒரு தாளில் எழுதி, நீங்கள் குறித்து வைத்த பிழைச் செய்தியோடு சேர்த்துக் கொடுங்கள்.